எலுமிச்சைத் தோட்ட நிறுவனத்தின் வரலாற்றை எழுதும் முறை: கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழந்தான் நினைவுக்கு வரும். அது தவறில்லை. ஆனால் மாந்தோப்புகளை ஒட்டியும், கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் காடுகளிலும் எலுமிச்சை, சாத்துக்குடி, நார்த்தை ஆகியவற்றை வைத்து, காயும் கன்றும் விற்று, இரண்டு மூன்று தலைமுறையாகத் தொழில் நடத்திவரும் குடும்பங்களும் இவ்விரு மாவட்டங்களில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு தொழில் அறுபதாம் ஆண்டையோ எழுபத்தைந்தாம் ஆண்டையோ எட்டும்போது வீட்டார் ஒரு மலர் வெளியிட விரும்புவது இயல்பு. நான் பார்த்த மலர்களில் பெரும்பாலானவற்றில் நிறுவனரின் படமும், பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகளும், உரக்கடை விளம்பரங்களும் இருந்தன. எந்த ஆண்டில் எந்தக் காட்டில் என்ன மரம் நின்றது என்ற செய்தி மட்டும் இல்லை. காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்காக இப்படியொரு வரலாற்றை எழுதி முடித்தவன் என்ற முறையில், அந்த வேலையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது வரலாற்றை எப்படிப் பகுப்பது என்பதுதான். தாத்தா காலம், அப்பா காலம், மகன் காலம் என்று முதலாளிகளை வைத்துப் பகுப்பதே வழக்கம். என் கருத்தில் தோட்டத் தொழிலுக்கு அது பொருந்தாது. நடவுகளை வைத்துப் பகுப்பதே சரி. எலுமிச்சை நட்ட மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, நல்ல பராமரிப்பு இருந்தால் 20 முதல் 25 ஆண்டுகள் வரை பலன் தருகிறது. ஆகவே 75 ஆண்டு நடந்த ஒரு தோட்டம் குறைந்தது மூன்று முறை புதிதாக நடப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய மரங்களை ஏன் வெட்டினார்கள், புதுக்கன்றுக்கு விதையும் ஒட்டும் எங்கிருந்து வந்தன, அதே இடத்தில் நட்டார்களா அல்லது வேறு காட்டுக்குப் போனார்களா, பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கிணறு வற்றியது, பாகப்பிரிவினை நடந்தது, மரங்கள் நோயில் காய்ந்தன, மாங்கூழ் ஆலைகள் வந்தபின் மாங்காய்க்கு விலை கூடியது என்று வரும் ஒவ்வொரு விடையும் ஓர் அத்தியாயமாகும். முதலாளி மாறியதால் தோட்டம் மாறியதைவிட, தோட்டம் மாறியதால் குடும்பம் மாறியதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

காகிதத்தைத் தொடுவதற்கு முன் நிலத்தில் நடக்க வேண்டும்

தோட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்த மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, கிராம வரைபடத்தின் நகலையும் புல வரைபடத்தின் நகலையும் கையில் வைத்துக்கொண்டு, காட்டைச் சுற்றி நடப்பது முதல் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது வயதானவர்களுக்கு நல்லது. எந்த வரிசை எப்போது நட்டது, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், மாடு கட்டிக் கவலை (தோல் சாலில் நீர் இறைக்கும் ஏற்றம்) ஓட்டிய கிணறு எது, மாடுகள் இறங்கி ஏறிய சரிவுப் பாதை எங்கே இருந்தது, ஆயில் எஞ்சின் வைத்த கொட்டகை எது, மின்மோட்டார் வந்தது எப்போது, போர் போட்ட இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பொய்த்தன என்று ஒவ்வொன்றையும் புல எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை கூட ஒரு சாட்சிதான். உயிரோடு நிற்கும் கிழ மரம் ஏதேனும் இருந்தால் அதைப் படமெடுத்து, அடிமரத்தின் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள்.

மர எண்ணிக்கையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. இருபது அடிக்கு இருபது அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 108 மரங்கள் நிற்கும். பத்து ஏக்கரில் தாத்தா இரண்டாயிரம் மரம் வைத்திருந்தார் என்று வீட்டில் சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், அப்படியே எழுதவும் வேண்டாம். இடைவெளி நெருக்கமாக இருந்ததா, நிலம் பத்து ஏக்கருக்கு மேல் இருந்து பிறகு விற்கப்பட்டதா, நாற்றங்காலில் இருந்த கன்றுகளையும் சேர்த்து எண்ணினார்களா என்று தேடுங்கள். எனக்கு ஒருமுறை இந்தக் கணக்குதான் குடும்பத்தார் மறந்தே போயிருந்த ஆறு ஏக்கர் குத்தகை நிலத்தைக் காட்டிக்கொடுத்தது.

கன்றின் வழியையும் கேட்டு எழுத வேண்டும். எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் வருவதும், அவற்றில் பல தாய் மரத்தின் குணத்தையே கொண்டிருப்பதும் அதன் தனித்தன்மை. அதனால்தான் நம் பக்கத்தில் விதைக்கன்றையே பெரிதும் நடுகிறார்கள். சாத்துக்குடிக்கு அப்படியில்லை, வேறு வகை எலுமிச்சையின் கன்றில் மொட்டுக் கட்டித்தான் உருவாக்குகிறார்கள் என்பதால், மேற்கன்று எங்கிருந்து வந்தது, அடிக்கன்று எந்த வகை என்று இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கலிபோர்னியா ஓர் எடுத்துக்காட்டு. பிரேசிலின் பாஹியாவிலிருந்து அமெரிக்க வேளாண்துறை வரவழைத்த விதையில்லா ஆரஞ்சின் கன்றுகள் 1873இல் ரிவர்சைடு ஊரில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்த மாநிலத்தின் வாஷிங்டன் நேவல் ஆரஞ்சுத் தொழில் முழுவதும் அந்தக் கன்றுகளிலிருந்து எடுத்த மொட்டுகளால் வளர்ந்தது. அம்மரங்களில் ஒன்றை இன்றும் ரிவர்சைடில் வேலியிட்டுக் காத்து வருகிறார்கள். நம் வீட்டு நாற்றங்காலின் முதல் விதை யார் தோட்டத்துப் பழத்திலிருந்து வந்தது என்பது அதே அளவு மதிப்புள்ள செய்தி. அதைச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆவணங்கள் எங்கே இருக்கின்றன

வீட்டில் தொடங்குங்கள். பீரோவிலிருக்கும் பத்திரங்களைவிடப் பரணில் கிடக்கும் மண்டிச் சீட்டுகள், பேரேடுகள், தினசரி நோட்டுகள், உரக்கடை ரசீதுகள், மின்கட்டண அட்டைகள் ஆகியவை பல சமயம் அதிகம் பேசும். எதையும் கட்டிலிருந்து பிரிக்காதீர்கள். ஒரே கயிற்றில் கட்டியிருப்பதே அவை ஒரே காலத்தவை என்பதற்கு ஒரு தடயம். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எந்தக் கட்டில் எத்தனையாவது தாள் என்று எண் கொடுத்து, அசலை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது வருவாய்த் துறை. ‘அ’ பதிவேடு நிலத்தின் புல எண், பரப்பு, நன்செயா புன்செயா, தீர்வை எவ்வளவு என்பவற்றைச் சொல்லும். ஆனால் நம் வேலைக்கு உயிர்நாடி அடங்கல்தான். கிராமக் கணக்கு எண் 2 என்று சொல்லப்படும் அந்தக் கணக்கில் ஒவ்வொரு பசலியிலும் (ஜூலை முதல் ஜூன் வரையுள்ள வருவாய் ஆண்டு) எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நின்றது என்று எழுதியிருப்பார்கள். எலுமிச்சை முதன்முதலாக எந்தப் பசலியில் அடங்கலில் ஏறியது என்று கண்டுபிடித்துவிட்டால், தோட்டத்தின் பிறந்தநாளை ஓராண்டுக்குள் நிறுத்திவிடலாம். பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), முனிசீப் (ஊர் மணியகாரர்) பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முந்தைய கணக்குகளைத் தேடும்போது கிராம அலுவலகத்தோடு நின்றுவிடாமல் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். பழைய கர்ணத்தின் வீட்டாரையும் மரியாதையோடு அணுகிக் கேட்கலாம். கிடைக்காத இடத்தில் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், இன்ன கிராமம், இன்ன புல எண், இன்ன பசலி என்று துல்லியமாகக் குறிப்பிட்டு விண்ணப்பம் கொடுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

புல எண்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய எண்கள் பல உட்பிரிவு செய்யப்பட்டன. பரப்பும் ஏக்கர், சென்டிலிருந்து ஹெக்டேர், ஏருக்கு மாறியது. ஓர் ஏக்கர் என்பது 40.47 ஏர். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒரு பட்டியலை முதல் வாரத்திலேயே தயாரித்துக்கொள்ளாதவர், ஆறு மாதம் கழித்து ஒரே காட்டை இரண்டு காடுகளாக எழுதியிருப்பதைக் காண்பார்.

மாவட்டத்தின் பெயரும் நமக்கு உதவும் ஒரு சாட்சி. இப்பகுதி முழுவதும் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே 1950ஆம் ஆண்டுப் பத்திரம் என்று ஒருவர் காட்டும் தாளில் தர்மபுரி மாவட்டம் என்று இருந்தால், அது பிற்காலத்தில் எழுதிய நகலாகத்தான் இருக்க முடியும். பழைய ஆவணங்களைத் தேடிச் செல்லும்போதும் இந்தப் படிகளை நினைவில் வைத்து, கிருஷ்ணகிரியில் இல்லையென்றால் தர்மபுரியிலும், அங்கும் இல்லையென்றால் சேலத்திலும், முடிவாகச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். பாராமகால் என்று அறியப்பட்ட, இப்பகுதியின் பெரும்பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து தீர்வை வகுத்தார்கள். விவசாயியிடமே அரசு நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவான மண் இது. அதன் பயனாக நம் ஊர்களைப் பற்றிய அரசாங்கப் பதிவுகள் வேறு பல பகுதிகளைக் காட்டிலும் பின்னோக்கிப் போகின்றன. ஒரு தோட்டத்தின் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றாலும், அந்தக் கிராமத்தில் முன்பு என்ன விளைந்தது என்று அறிய விரும்புவோர்க்கு அவை பெரிய உதவி.

தொழிலின் சட்ட வடிவம் அடுத்த கேள்வி. பெரும்பாலான குடும்பங்கள் தனிநபர் தொழிலாகத் தொடங்கி, 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ்க் கூட்டு நிறுவனமாகி, பிறகு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாறியிருக்கும். கம்பெனியானால் அதன் அடையாள எண் 21 எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதில் ஒன்பதாம் இடம் முதல் பன்னிரண்டாம் இடம் வரை உள்ள நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டைக் காட்டும். அது கம்பெனி பிறந்த ஆண்டேயன்றித் தோட்டம் பிறந்த ஆண்டு ஆகாது. முதல் நடவு, முதல் விற்பனை, முதல் பதிவு ஆகிய மூன்றையும் தனித்தனி ஆண்டுகளாகக் காட்டுங்கள். பெயர்ப் பலகையில் எதைப் போடுவது என்பதைக் குடும்பத்தார் முடிவு செய்துகொள்ளட்டும்.

பெயர்கள் மாறும்போது எவ்வளவு குழப்பம் வரும் என்பதற்கும் கலிபோர்னியாவையே பார்க்கலாம். இன்று உலகமெங்கும் சன்கிஸ்ட் என்று அறியப்படும் அமைப்பு 1893இல் தெற்குக் கலிபோர்னியப் பழ விற்பனையாளர் சங்கமாகத் தொடங்கியது; 1905இல் கலிபோர்னியா பழ விவசாயிகள் சங்கம் என்றானது; சன்கிஸ்ட் என்பது 1908 வாக்கில் பழத்தின் மீது முத்திரையாக மட்டும் வந்தது; அந்த முத்திரையே 1952இல் சங்கத்தின் பெயரானது. ஒரே அமைப்பைப் பற்றி 1920இல் எழுதியவரும் 1960இல் எழுதியவரும் வெவ்வேறு பெயர்களைச் சொல்வார்கள். உங்கள் நிறுவனத்துக்கும் இப்படி ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள்: மண்டியில் என்ன பெயர், பத்திரத்தில் என்ன பெயர், ஊரார் சொல்லும் பெயர் என்ன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. ஊரார் சொல்லும் பெயரை விட்டுவிடாதீர்கள்; பல சமயம் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பழையது.

ஆண்டுக் கணக்கில் ஏமாறாமல் இருக்க

பழைய நோட்டுகளில் ஆங்கில ஆண்டு இருக்காது. பசலி இருக்கும், அல்லது தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலை முதல் தேதியில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிவதால், பசலி 1367 என்பது 1957 ஜூலை முதல் 1958 ஜூன் வரை. தமிழ் ஆண்டின் பெயரோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். இங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன்.

எங்களுக்குக் கிடைத்த பேரேட்டின் முதல் பக்கத்தில் ‘விரோதிகிருது வருஷம் ஆவணி மாதம்’ என்று இருந்தது. அது 1911 என்று வீட்டார் நம்பி, அந்த ஆண்டைத் தோட்டத்து வாசற்பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். நானும் அதையே வைத்து முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதிவிட்டேன். மூன்றாம் முறை பேரேட்டைப் படித்தபோதுதான் காய் வாங்கிய கணக்கில் கிலோ என்றும், பணக் கணக்கில் காசு என்ற தலைப்பின் கீழ் எழுபத்தைந்து, எண்பது என்றும் இருப்பதைக் கவனித்தேன். ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் அப்படி எழுத வழியில்லை. அதே பெயருள்ள ஆண்டு 1971லும் வந்தது. அந்தப் பேரேடு 1971ஐச் சேர்ந்தது. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்த கிரயப் பத்திரம், நிலம் வாங்கிய ஆண்டு 1949 என்று காட்டியது. வீட்டின் மூத்தவரிடம் இதைச் சொன்ன நாள் எனக்கு எளிதாக இல்லை. அவர் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இருக்கறதயே எழுதுங்க தம்பி” என்றார். அடுத்த வாரம் பலகையைத் திருத்திவிட்டார்கள்.

இத்தவறு மற்றவர்க்கு நேராமலிருக்கச் சில அடையாளங்களைச் சொல்கிறேன். அணாவும் பையும் (ஒரு ரூபாய்க்கு 192 பை) புழங்கிய கணக்கு 1957 ஏப்ரல் முதல் தேதியோடு சட்டப்படி முடிந்தது. நயா பைசா என்று எழுதியிருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. எடையில் பலம், வீசை, மணங்கு என்று வந்தால் மெட்ரிக் முறைக்கு முந்தைய காலம் அல்லது அதை ஒட்டிய சில ஆண்டுகள். பெரியவர்கள் சட்டம் மாறிய பின்பும் பழைய அளவையே எழுதினார்கள் என்பதால் எடையை மட்டும் நம்ப வேண்டாம். 40 பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. ஒரு மணங்கு ஏறத்தாழ 11.3 கிலோ. எலுமிச்சையை எண்ணிக்கையில் விற்ற இடங்களில் நூற்றுக்குக் கொசுறாக எத்தனை காய் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஐந்து காய் கொசுறு என்றால் பேரேட்டில் ஆயிரம் என்று எழுதியது மரத்தில் ஆயிரத்து ஐம்பதாக இருந்திருக்கும்.

பூச்சியும் நீரும்

முதலாளியின் உழைப்பால் தோட்டம் செழித்தது என்று எழுதுவது எளிது. அந்த உழைப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தோட்டத்தின் விதியைப் பல சமயம் ஒரு பூச்சியோ நோயோ தீர்மானிக்கிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் 1880களில் பஞ்சுச் செதில் பூச்சியால் அழியும் நிலைக்கு வந்தபோது, ஆல்பர்ட் கோபெலே என்பவர் 1888இல் ஆஸ்திரேலியா சென்று, அப்பூச்சியைத் தின்னும் வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவரச் செய்தார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. அந்தப் பொறிவண்டுக்கு இடம் கொடுக்காத எந்தக் கலிபோர்னியத் தோட்ட வரலாறும் முழுமையாகாது. அதே செதில் பூச்சி 1928இல் நீலகிரியில் வாட்டில் மரங்களில் காணப்பட்டது. அடுத்த ஆண்டே அதே பொறிவண்டை இங்கேயும் வரவழைத்தார்கள். ஆகவே உங்கள் தோட்டத்தில் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போன ஆண்டு ஏதேனும் இருந்தால், அதை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். இலைகள் எப்படி வெளுத்தன, நுனியிலிருந்து காய்ந்ததா, காயில் சொறி விழுந்ததா, வேரழுகலா என்று பார்த்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அசுவினி பரப்பும் டிரிஸ்டெசா வைரஸா, வேறு காரணமா என்பதைப் பையூரிலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலிருக்கும் அறிஞர்களிடம் அந்த அடையாளங்களைக் காட்டிக் கேட்கலாம். அவர்கள் உறுதியாகச் சொல்லாத நோயின் பெயரை நாமாக எழுதக் கூடாது.

தண்ணீரின் கதையை இதைவிட விரிவாக எழுத வேண்டும். நம் மாவட்டங்களில் மழை தவறுவது புதிதல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியது. தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை 1950களில் எழுந்தது. அதன் பாசனத்துக்குள் வந்த நிலமும் வராத நிலமும் அதன் பிறகு வெவ்வேறு வழிகளில் போயின. உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை வரைபடத்தோடு காட்டுங்கள். கவலை போய் எஞ்சின், எஞ்சின் போய் மோட்டார், 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், சொட்டு நீர் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் வந்த ஆண்டைக் குறித்து, அந்த ஆண்டில் கிணற்று நீர் எத்தனை அடியில் இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினால், இரண்டு பத்திகளில் சொல்ல வேண்டியதை ஒரே அட்டவணை சொல்லிவிடும்.

நில உச்சவரம்பைத் தொடாமல் சிலர் கடந்துவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆனது. அந்த ஆண்டுகளில் நடந்த பாகப்பிரிவினைகளையும் தானங்களையும் வில்லங்கச் சான்றில் பார்ப்பீர்கள். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

பறித்தவர்களின் குரல்

வரலாற்றில் மிக எளிதாகக் காணாமற்போவது வேலை செய்தவர்களின் பெயர்கள்தான். கலிபோர்னியாவின் சாந்தா பவுலாவில் 1893இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் லிமோனெய்ரா என்ற எலுமிச்சை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேதன் பிளான்சார்டும் வாலஸ் ஹார்டிசனும் நிறுவியது அது. அதை நெடுங்காலம் நடத்திய சார்லஸ் டீக் 1920 முதல் 1950 வரை மேலே சொன்ன பழ விவசாயிகள் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். அவர்களைப் பற்றிய செய்தி ஏராளம். ஆனால் 1941இல் வெஞ்சுரா கவுண்டியின் எலுமிச்சைத் தோட்டங்களில் பெரும்பாலும் மெக்சிகோ வழியினரான ஏறத்தாழ ஆறாயிரம் தொழிலாளர் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும், தோட்டங்கள் கொடுத்திருந்த வீடுகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டதும், அவர்கள் இடத்தில் வறட்சியால் ஊர்விட்டு வந்த வேறு ஏழைகள் அமர்த்தப்பட்டதும் அந்த நிறுவனங்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதவை. ஒன்றை மட்டும் படித்தவர் பாதியைத்தான் படித்தவர்.

தொழிலாளரின் கை எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு அங்கேயே இன்னொரு சான்று உண்டு. அனுப்பும் வழியில் பழங்கள் அழுகியதற்குக் காரணம் தேடிய ஹரால்ட் பவல் என்ற அரசாங்க ஆய்வாளர், 1900களின் முதல் பத்தாண்டில், பறிக்கும்போதும் அடுக்கும்போதும் தோலில் விழும் கீறலில்தான் பூஞ்சணம் நுழைகிறது என்று காட்டினார். அவரையே கலிபோர்னியா பழ விவசாயிகள் சங்கம் 1912இல் பொது மேலாளராக்கிக்கொண்டது. நம் தோட்டத்திலும் காயை உலுக்கிப் பொறுக்குவதா, காம்போடு கிள்ளிப் பறிப்பதா என்ற முடிவை எப்போது யார் எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பேட்டி எடுக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். முதலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தொழிலாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது. அவர்கள் வீட்டுக்கு நாம் போக வேண்டும்; அவர்கள் உட்காரச் சொல்லும் இடத்தில் உட்கார வேண்டும். ஊர் வழக்கப்படி அக்கா, பெரியம்மா, அண்ணா, தாத்தா என்று அழைத்துப் பேசுங்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லியோ ஒருமையிலோ அழைக்கும் பழக்கம் சில தோட்டங்களில் இன்னும் இருக்கிறது, அதை நாம் சுமந்துகொண்டு போக வேண்டாம். எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. “உங்க மூத்த பையன் பொறந்தப்போ கெழக்கு மூலையில மரம் காய்ச்சிருந்துச்சா, பெரியம்மா?” என்று கேட்டால் வரும், பையனின் பள்ளிச் சான்றிதழில் ஆண்டு இருக்கும். ஒரு வயதான அம்மா கூலியைப் பற்றி நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல், முன்கையைத் திருப்பி முள் கிழித்த தழும்புகளை மட்டும் காட்டினார். அதையும் தேதியோடு எழுதிக்கொண்டேன்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக இருக்கும். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் வியாபாரிகள் உண்டு. எலுமிச்சையைத் தெலுங்கில் நிம்மக்காய் என்றும் கன்னடத்தில் நிம்பெ என்றும் சொல்வார்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவர்கள் தமிழில் சிரமப்பட்டுச் சொல்வதற்கும் தம் மொழியில் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு பக்கத்துக்கும் பத்துப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு.

எழுதும்போதும் எழுதிய பின்பும்

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாள், அல்லது நிலத்தில் ஓர் அடையாளம், அல்லது ஒருவரையொருவர் கேட்டுச் சொல்லாத இரண்டு பேரின் வாய்மொழி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இம்மூன்றில் ஒன்றும் இல்லாத செய்தியை, வீட்டார் எவ்வளவு விரும்பினாலும், ‘குடும்பத்தில் இவ்வாறு சொல்லப்படுகிறது’ என்றே எழுத வேண்டும். நட்டம் வந்த ஆண்டுகளையும் எழுதுங்கள். மண்டியில் விலை விழுந்து காயை மரத்திலேயே விட்ட கோடை, கடன் தீராமல் இரண்டு ஏக்கரை விற்ற ஆண்டு, அண்ணன் தம்பி பேசாமலிருந்த ஆண்டு ஆகியவையே அடுத்த தலைமுறைக்குப் பயன்படும் பக்கங்கள். உயிருடன் இருப்பவரின் மனம் புண்படும் செய்தியை மட்டும் அவரிடமே காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகு சேர்க்கலாம்.

அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் படியைப் பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும், படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க, வாசித்துக் காட்டுங்கள். எங்கள் வேலையில் இந்தச் சுற்றில் மட்டும் பதினேழு திருத்தங்கள் வந்தன; அவற்றில் நான்கு, நான் பேரேட்டிலிருந்து எடுத்து மிகவும் சரி என்று நினைத்திருந்தவை. அச்சான பின் ஒரு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு படியைக் கிராம ஊராட்சிக்கும் கொடுங்கள். பேட்டிகளின் ஒலிப்பதிவையும் தாள்களின் படங்களையும் இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து, எங்கே இருக்கின்றன என்பதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு எதிர்ப் பக்கத்தில், அச்சான நாளன்று தோட்டத்தில் நின்ற மரங்களின் எண்ணிக்கையைப் புல எண் வாரியாக எண்ணிப் போடுங்கள்.